எங்கே உட்காருகிறதோ அங்கிருந்து அளவு: போட் இஞ்சின் வேலையில் வேணியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் இஞ்சின் வேலை என்றால் பாதிக்கு மேல் போட் வேலைதான். கொட்பேயில் கட்டி நிற்கும் பலநாள் போட்டின் டீசல் இஞ்சினாக இருக்கலாம், உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஃபைபர் போட்டின் அவுட்போட்டாக இருக்கலாம். கழற்றிப் பூட்டும்போது வருகிற சந்தேகம் ஒன்றுதான்: இது எவ்வளவு உள்ளே போக வேண்டும்? பிளக், பெயாரிங், ஒயில் சீல், இன்ஜெக்டர், ப்ரொப்பெலர் எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்வி உண்டு. விடை தருவது வேணியர், தாடைகளுக்கு நடுவில் பிடித்து மி.மீயின் சிறு பங்கு வரை அளக்கும் இடுக்கி. வேலை பழக வருகிற பொடியன்களும், தங்கள் இஞ்சினைத் தாங்களே பார்க்கிற போட்காரரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஏ.எல். பௌதிகவியலில் வேணியர் இடுக்கி படித்தவர்கள் முதல் இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போகலாம். ஆழக்கோல் (வேணியரின் வாலில் இருந்து நீளும், ஆழம் அளக்கும் மெல்லிய கோல்) பற்றியதை மட்டும் தாண்ட வேண்டாம்; படித்தவர்களும் அதில்தான் தடுக்குகிறார்கள்.

டேப் இருக்கு, இரும்பு அடிமட்டம் இருக்கு. வேணியர் என்னத்துக்கு அண்ணே?

அடிமட்டத்தால் அரை மி.மீ வரை கண்ணால் பிடிக்கலாம். ஒயில் சீல் ஒன்று அரை மி.மீ சரிந்து உட்கார்ந்தால் கசியும். பெயாரிங்குக்கு அரை மி.மீ இடைவெளி இருந்தால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் அடிக்கும். அதனால்தான் வேணியர்.

ஒரே கருவியில் நாலு அளவு எடுக்கலாம்: பெரிய தாடையால் வெளிவிட்டம், மேலே உள்ள சின்னத் தாடையால் உள்விட்டம், வாலில் இருந்து நீளும் ஆழக்கோலால் ஆழம், தலைப்பக்க முகத்தால் படி. நாலாவது இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டு மட்டங்களுக்கு இடைப்பட்ட உயரத்தை எடுக்க, நகரும் தாடையின் முகத்தை மேல்மட்டத்தில் வைத்து சட்டத்தின் தலை முகத்தைக் கீழ்மட்டத்தில் இறக்குவது. ஆழக்கோல் மெல்லியது, வளையும். இது தடித்த உலோகம், வளையாது. வெளியே திறந்திருக்கும் படியென்றால் நான் ஆழக்கோலைத் தொடுவதே இல்லை.

ரெண்டு வரிசைக் கோட்டையும் எப்படி வாசிக்கிறது? எனக்கு எல்லாக் கோடும் ஒண்டாத்தான் தெரியுது.

பிரதான அளவிடையில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் 1 மி.மீ. நகரும் அளவிடையில் 50 பிரிவுகள் இருந்தால், அவை 49 மி.மீ நீளத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே பிரதானப் பிரிவொன்றுக்கும் நகரும் பிரிவொன்றுக்கும் உள்ள வித்தியாசம் 0.02 மி.மீ, அதுதான் இழிவெண்ணிக்கை, அதாவது இந்தக் கருவியால் வாசிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு. நகரும் பூச்சியம் பிரதான அளவிடையில் 34ஐத் தாண்டி நிற்கிறது, 23ஆவது சிறு கோடு மேலே ஒரு கோட்டோடு நேராக நிற்கிறது என்றால் 34 + (23 × 0.02) = 34.46 மி.மீ. இந்த உத்தியை 1631இல் வெளியிட்ட பிரான்ஸ்காரர் வெர்னியேயின் பேர்தான் கருவிக்கு நின்றுவிட்டது.

எல்லாக் கோடும் ஒன்றாகத் தெரிகிறதென்றால் கண்ணைச் சரித்துப் பார்க்கிறீர்கள். கோட்டுக்கு நேர் மேலே கண் இருக்க வேண்டும். பொருந்துகிற கோட்டைத் தேடாமல், அதற்கு இரு பக்கமும் உள்ள கோடுகளைப் பாருங்கள். ஒன்று இடப்பக்கம் விலகும், மற்றது வலப்பக்கம் விலகும். இரண்டும் சம அளவில் விலகியிருந்தால் நடுவில் நிற்பதுதான் உங்கள் கோடு.

டிஜிட்டல் வாங்கவா, கோடு போட்டதை வாங்கவா?

வீட்டுக்குள், மேசையில் வைத்து வேலை செய்பவருக்கு டிஜிட்டல் சுகம். போட்டில் ஏறி வேலை செய்பவருக்குக் கோடு போட்டதுதான். டிஜிட்டலின் உள்ளே இருப்பது மின்கொள்ளளவத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும் உணரி. சட்டத்தில் ஈரமோ உப்புத் தண்ணீரோ பட்டால் இலக்கம் தன் பாட்டில் துள்ளும். பட்டரி இறங்கினாலும் அப்படித்தான். எல்ஆர்44 பட்டரியின் மின்னழுத்தம் பாவிக்கப் பாவிக்க மெல்ல மெல்ல விழும். எஸ்ஆர்44 கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். கொஞ்சம் விலை கூடினாலும் அதைப் போடுங்கள்.

இன்னொன்று: திரையில் 0.01 தெரிகிறது என்பதால் அளவு 0.01க்குச் சரி என்று நினைக்கக் கூடாது. 150 மி.மீ டிஜிட்டல் வேணியர்களின் வழு சாதாரணமாக 0.02, 0.03 மி.மீ அளவில் இருக்கும். கடைசி இலக்கத்தைப் பார்த்து மனதை ஆட்டிக்கொள்ளாதீர்கள்.

தாடையை மூடினால் பூச்சியம் வரல்ல. எறியிறதா?

எறிய வேண்டாம். முதலில் இரண்டு தாடைகளையும் துடையுங்கள். மூடிய தாடைகளுக்கு நடுவே சுத்தமான வெள்ளைத் தாளொன்றை மெல்லப் பிடித்து இழுத்தாலே தூசி போய்விடும். அதற்குப் பிறகும் 0.04 காட்டினால் அது பூச்சிய வழு. எடுக்கிற ஒவ்வொரு வாசிப்பிலும் 0.04ஐக் கழியுங்கள். பூச்சியத்துக்குப் பின்னால் நின்றால் கூட்டுங்கள்.

ஆனால் தாடைக்கு ஒரு பூச்சியம், ஆழக்கோலுக்கு இன்னொரு பூச்சியம். தாடை சரியாக மூடினாலும் கோலின் நுனி தேய்ந்திருக்கலாம், வளைந்திருக்கலாம். கண்ணாடித் துண்டொன்றின் மேல் வேணியரின் வாலை நட்டமாக நிறுத்தி, கோல் கண்ணாடியைத் தொடும்போது என்ன வருகிறது என்று பாருங்கள். ஆழம் அளக்க முன் பார்க்க வேண்டியது இந்தப் பூச்சியத்தைத்தான்.

ஒரே துளையை மூண்டு தரம் அளந்தன், மூண்டு அளவு வருது. எது சரி?

இதைத்தான் தாண்ட வேண்டாம் என்று சொன்னேன். வேணியரின் வால் முகம் சின்னது. ஒரு பக்கம் மயிரளவு தூக்கினாலும் கோல் சரிந்து போய்த் தொடும். சரிந்த கோடு எப்போதும் நேர்க்கோட்டை விட நீளம். ஆகவே கை ஆட்டத்தால் வருகிற பிழை அளவைக் கூட்டித்தான் காட்டும். சுத்தமான துளையில் நாலைந்து தரம் எடுத்து வருகிற மிகக் குறைந்த வாசிப்பை எடுங்கள்.

சுத்தமான துளை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அடியில் உலோகத் தூளோ பழைய கேஸ்கட் துண்டோ கிடந்தால் அளவு குறைந்து காட்டும். அப்போது மிகக் குறைந்த வாசிப்பே மிகப் பிழையானதாகிவிடும். துளையின் அடி மூலை பெரும்பாலும் சதுரமாக இருக்காது, சிறு வளைவாக இருக்கும். கோலின் நுனியில் ஒரு பக்கம் சிறிதாக வெட்டி விட்டிருப்பது அந்த வளைவில் ஏறாமல் இருக்கத்தான். வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். பலர் கோலைத் தலைகீழாகப் பிடித்துவிட்டு, பெயாரிங் இறங்கவில்லை என்று பெயாரிங்கைத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஹவுசிங்கின் (பெயாரிங்கோ சீலோ உட்காரும் கூடு) மேல்முகம் வாலின் முகத்தை விட அகலமாக இருந்தால் தட்டையான இரும்புத் துண்டொன்றைக் குறுக்கே வைத்து, அதன் மேலிருந்து அளந்து, துண்டின் தடிப்பைக் கழியுங்கள். ஆட்டம் பாதியாகக் குறையும்.

சின்னத் துளையின் உள்விட்டம் எப்பவும் குறைவாக் காட்டுது.

காட்டத்தான் செய்யும். உள்தாடைகளின் முனை கூர்க் கோடு அல்ல, சிறு தட்டை. வளைந்த சுவரில் அந்தத் தட்டை முழுதாகப் படியாது. துளை சின்னதாகச் சின்னதாகப் பிழை கூடும். 10 மி.மீக்குக் குறைந்த துளையென்றால், உள்ளே இறுக்கமாகப் போகிற ட்ரில் பிட்டின் காம்பை நுழைத்து, அந்தக் காம்பை வெளித்தாடையால் அளப்பது நல்லது.

பழைய பிளக்கையும் புதிசையும் பக்கத்தில வச்சுப் பார்த்தன், உயரம் ஒண்டுதான். போடலாமா?

இதுதான் இந்தப் பக்கத்தின் நடுக்கேள்வி. முழு உயரம் எதையும் சொல்லாது. மேலே திருகியிருக்கும் முனைக்குமிழைக் கழற்றினாலே உயரம் மாறிவிடும். இஞ்சினுக்கு வேண்டியது, வொஷர் உட்காரும் முகத்திலிருந்து மரை முடியும் இடம் வரைக்குமான நீளம். பிளக் ஹெட்டில் உட்காருவது அந்த முகத்தில்தான். உள்ளே எவ்வளவு நீட்டும் என்பதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என்ஜிகே பிளக்கில் அதை எழுத்தாகவே அடித்திருப்பார்கள். பி7எச்எஸ் என்றால் 14 மி.மீ மரை, 12.7 மி.மீ நீளம். பி7இஎஸ் என்றால் அதே 14 மி.மீ மரை, ஆனால் 19 மி.மீ நீளம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தொன்று மாறினால் 6.3 மி.மீ உள்ளே போய்விடும். எச் கேட்கும் ஹெட்டில் இ போட்டால் பிஸ்டன் வந்து தட்டலாம். தட்டாவிட்டாலும், எரியறைக்குள் நீட்டி நிற்கும் மரையில் கரி பிடித்து, கழற்றும்போது ஹெட்டின் அலுமினிய மரையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். இ கேட்கும் ஹெட்டில் எச் போட்டால் பொறி குழிக்குள் ஒளிந்து நிற்கும். இஞ்சின் தொடங்கக் கஷ்டப்படும், வெறுமையாக இருக்கும் ஹெட் மரையில் கரி ஏறும்.

முன்னால் பி (B) மட்டும் இல்லாமல் பிபி (BP) என்று இருந்தால் மையமுனை மரையைத் தாண்டி நீட்டி நிற்கும். மரை நீளம் ஒன்றாக இருந்தாலும் அது வேறு பிளக். எழுத்து அழிந்து போயிருந்தால் வேணியரால் இரண்டு அளவு எடுங்கள்: முகத்திலிருந்து மரை முடிவு வரை, முகத்திலிருந்து மின்முனையின் நுனி வரை.

அந்த அளவில பிளக் வொஷரையும் சேர்க்கிறதா?

சேர்ப்பதில்லை. வொஷரை மேலே தள்ளிவிட்டு உலோக முகத்திலிருந்து அளக்க வேண்டும். புது வொஷர் குழாய் போலப் புடைத்திருக்கும், இறுக்கியதும் நசுங்கிப் பாதியாகும். பழையது ஏற்கெனவே நசுங்கியது. அதனால்தான் புதுப் பிளக்கைக் கையால் இறுக்கிய பிறகு சாவியால் அரைச் சுற்றளவு திருப்புகிறோம். பழையதைத் திரும்பப் போடும்போது மிகச் சிறிதாகத் திருப்பினால் போதும்.

பெயாரிங் போட முதல் என்னென்ன அளக்கணும் பாஸ்?

மூன்று: ஹவுசிங்கின் தோள் (பெயாரிங் போய் முட்டும் படி) எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பெயாரிங்கின் அகலம், மேலே வரும் சேர்க்கிளிப்பின் (பெயாரிங் வெளியே வராமல் பள்ளத்தில் மாட்டும் வளையம்) தடிப்பு. 6204 பெயாரிங் என்றால் 20 மி.மீ உள்விட்டம், 47 மி.மீ வெளிவிட்டம், 14 மி.மீ அகலம். மேல்முகத்திலிருந்து தோள் 19.00, சேர்க்கிளிப் பள்ளத்தின் வெளிச்சுவர் 3.20, சேர்க்கிளிப் 1.75 என்று வைத்துக்கொள்வோம். பெயாரிங்குக்கு மிஞ்சும் இடம் 19.00 − 3.20 − 1.75 = 14.05. ஆக 0.05 மி.மீ விளையாட்டு, அதாவது பெயாரிங் ஆடக்கூடிய இடைவெளி.

ஆனால் 14 என்பது பேருக்குத்தான். சாதாரணத் தர 6204இன் அகலம் 13.88 வரை குறைந்திருக்கலாம்; கம்பனி விதிப்படி அது பிழையல்ல. அப்போது விளையாட்டு 0.17 ஆகிவிடும். எண்ணை நம்பாமல் கையில் இருக்கும் பெயாரிங்கை அளங்கள். பள்ளத்தின் வெளிச்சுவரைக் கோலால் தொடவும் முடியாது. நடைமுறையில் நான் செய்வது, பெயாரிங்கை இறக்கி, சேர்க்கிளிப்பைப் போட்டு, அதை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து, நடுவில் ஃபீலர் கேஜ் (தடிப்பு அடித்த மெல்லிய தகடுகள்) எத்தனை தடிப்பு நுழைகிறது என்று பார்ப்பது. மேலே போட்ட கணக்கு, வருகிற விடை நம்பத் தகுந்ததா என்று ஒத்துப்பார்க்கத்தான்.

ஒயில் சீலை எவ்வளவு உள்ளுக்குத் தட்டுறது? அடி வரைக்கும் தட்டினால் பாதுகாப்புத்தானே?

இல்லை நானா, அடிவரை தட்டுவது பல இஞ்சினில் ஆபத்து. சீலுக்குப் பின்னால் ஒயில் திரும்பி ஓடும் துளை இருக்கலாம். சீல் அதை மூடிவிட்டால் ஒயில் தேங்கி அழுத்தும். சில இடங்களில் அடித்தோளே இருக்காது, தட்டத் தட்ட உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

சரியான வழி, பழைய சீலைக் குத்திக் கிளப்ப முன்பே அளப்பது. ஹவுசிங்கின் முகத்திலிருந்து சீலின் முகம் எத்தனை மி.மீ உள்ளே என்று மணிக்கூட்டில் 12, 3, 6, 9 இருக்கும் நாலு இடத்திலும் எடுங்கள். நாலும் ஒன்றாக இல்லாவிட்டால் முன்னே போட்டவர் சரித்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம், கசிவுக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். சீலில் 20×35×7 என்று இருந்தால் ஷாஃப்ட் 20, ஹவுசிங் 35, தடிப்பு 7. கடைக்காரர் 20×35×8 இருக்கிறது, ஒரு மி.மீதானே என்பார். அந்த ஒரு மி.மீ எந்தப் பக்கம் நீட்டப்போகிறது என்று கணக்குப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

அடுத்து ஷாஃப்டைத் துடைத்து நகத்தால் தடவுங்கள். சீலின் உதடு ஓடிய இடத்தில் நகம் தட்டுப்பட்டால் பள்ளம் விழுந்திருக்கிறது. நம் கரையில் மணலும் உப்பும் சேர்ந்து அந்த வேலையைச் சீக்கிரம் செய்துவிடும். புதுச் சீலை அதே ஆழத்தில் போட்டால் புது உதடும் அந்தப் பள்ளத்திலேயே விழும், சில நாளில் பழைய கசிவு திரும்பும். இடமிருந்தால் 1 முதல் 2 மி.மீ வெளியேயோ உள்ளேயோ மாற்றிப் போட்டு உதட்டைத் தேயாத இடத்தில் ஓடவிடுங்கள். உள்ளே மாற்றுவதென்றால் மேலே சொன்ன ஒயில் துளையைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

நான் அளக்க முதலே பழைய சீலைக் கழட்டிப்போட்டன். இனி?

ஹவுசிங்கின் உள்சுவரைத் துடைத்து வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சீல் இருந்த இடம் பளபளப்பாக இருக்கும். வெளிப்பக்கம் உப்புப் பூத்தோ நிறம் மாறியோ இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடுதான் பழைய முகம். ஷாஃப்டில் உள்ள உதட்டுத் தடம் இரண்டாவது சாட்சி. பழைய சீல் இன்னும் குப்பையில் இருந்தால் அதன் முகத்திலிருந்து உதடு எவ்வளவு உள்ளே என்று அளந்து, தடத்தின் இடத்தோடு கணக்குப் பாருங்கள். இரண்டு சாட்சியும் ஒன்றைச் சொன்னால் சரி.

ஒன்றும் தெரியாவிட்டால் ஹவுசிங் முகத்தோடு மட்டமாக, அல்லது முகத்தில் சரிவு வெட்டியிருந்தால் சரிவு முடியும் இடத்தோடு மட்டமாக நிறுத்துவது வழக்கம். அப்படி நிறுத்தினால் உதடு வழவழப்பான உலோகத்தில் விழுகிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

இன்ஜெக்டருக்குக் கீழ ரெண்டு செப்பு வொஷர் போட்டால் கசியாதுதானே?

கசியாமல் இருக்கலாம், இஞ்சின் புகைக்கும். வொஷரின் தடிப்புத்தான் நொசில் நுனி எரியறைக்குள் எவ்வளவு நீட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒன்று கூடினால் நுனி அந்தத் தடிப்பளவு பின்னால் போகும். டீசல் தூவல் பிஸ்டனின் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தை விட்டு விலகி விழும். வொஷரே இல்லாவிட்டால் நுனி முன்னால் வந்து வெப்பத்தில் சாகும்.

பழைய வொஷரைக் கழற்றியதும் தடிப்பை அளந்து, அதே அளவைக் கேட்டு வாங்குங்கள். சில வேளை பழையது அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது, அதற்கு மேல் புதியதைப் போட்டு இரண்டாக்கிவிடுவார்கள். இன்ஜெக்டரைக் கழற்றினால் கையில் வொஷர் வந்ததா என்று பார்ப்பதை வேலையின் ஒரு பகுதியாகவே வையுங்கள்.

ஹெட் கேஸ்கட்டில ஒரு வெட்டு, ரெண்டு வெட்டு எண்டு இருக்கு. எதை வாங்கிறது?

பிஸ்டன் மேலுச்சிக்கு வரும்போது புளொக்கின் முகத்தைத் தாண்டி எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்து. கேஸ்கட் ஓரத்தில் உள்ள வெட்டுகளோ துளைகளோ தடிப்பின் அடையாளம். பிஸ்டன் அதிகம் நின்றால் தடித்த கேஸ்கட். பல இஞ்சின்களில் எல்லாவற்றிலும் அதிகமாக நிற்கிற பிஸ்டன்தான் தீர்மானிக்கும், சிலவற்றில் சராசரி எடுப்பார்கள்; உங்கள் இஞ்சினின் புத்தகம் எதைச் சொல்கிறதோ அது.

இங்கே வேணியர் போதாது. தடிப்புப் படிகளின் வித்தியாசம் 0.1 மி.மீக்குள்கூட இருக்கும், வேணியரின் கையாட்டமே அதில் பாதியைத் தின்றுவிடும். டயல் கேஜைக் காந்தத் தாங்கியில் பூட்டி, புளொக்கின் முகத்தில் பூச்சியம் வைத்து, பிஸ்டனின் மேலே நகர்த்துங்கள். பிஸ்டன் தன் பின்னில் (அதைத் தாங்கும் குறுக்குக் கம்பி) ஆடும். ஆடும் பக்கத்தில் அளந்தால் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் வரும். பின்னின் கோட்டுக்கு நேர் மேலே இரு அந்தத்திலும் எடுத்தால் அந்த ஆட்டம் அளவில் சேராது.

வெயிலில வச்சு அளந்தால் கூடுமா?

கூடும். உலகம் முழுக்க நீள அளவுகளுக்கு அடிப்படை வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். 1931 முதல் அதுதான் ஒப்புக்கொண்ட அளவு. நம் ஊரில் நிழலிலேயே 30க்கு மேல். 100 மி.மீ உருக்கு 10 பாகை ஏறினால் ஏறக்குறைய 0.012 மி.மீ நீளும், அலுமினியம் அதன் இரண்டு மடங்கு, 0.023.

உருக்கு வேணியரும் உருக்குப் பகுதியும் ஒரே நிழலில் ஒரே சூட்டில் கிடந்தால் இரண்டும் சேர்ந்து நீளும், வித்தியாசம் தெரியாது. தொல்லை வருவது, கரையில் வெயிலில் கிடந்த அலுமினியக் கியர் பெட்டியைக் கொண்டுவந்து உடனே அளக்கும்போது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அளங்கள்.

இஞ்சின் புத்தகம் அங்குலத்தில இருக்கு. மாத்தி எழுதவா?

1 அங்குலம் சரியாக 25.4 மி.மீ. பழைய ஆட்கள் தௌ என்று சொல்வது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று, 0.0254 மி.மீ, நாலு தௌ ஏறக்குறைய 0.1. மாற்றி எழுதுங்கள், ஆனால் கணக்கின் நடுவில் முழு எண்ணாக்காதீர்கள், கடைசியில் ஒரு தரம் போதும். அவுட்போட் வாங்கும்போது சொல்லும் 15 அங்குல, 20 அங்குல ஷாஃப்ட் (381, 508 மி.மீ) வேறு விசயம். அதற்கு டேப்பே போதும்.

நானும் தம்பியும் அளந்தால் ரெண்டு அளவு. வேணியர் ஒண்டுதான்.

ஒருவர் அழுத்திப் பிடிக்கிறார். வேணியரின் அளவிடை ஒரு கோட்டில், பொருள் இருப்பது அதற்குக் கீழே தாடைகளுக்கு நடுவில் இன்னொரு கோட்டில். இரண்டும் ஒரே நேரில் இல்லாததால், அழுத்தினால் நகரும் தாடை சற்றே சாய்கிறது. தாடையின் நுனியில் பிடித்தால் சாய்வு கூடும்; சட்டத்துக்கு அருகில் பிடித்தால் குறையும். மைக்ரோமீட்டரில் அளவிடையும் பொருளும் ஒரே நேரில் இருப்பதால் அது இப்படிப் பொய் சொல்வதில்லை, அதோடு அதன் ராட்செட் அழுத்தத்தையும் ஒரே அளவில் வைக்கும்.

ஒரு வேலையை ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை அளப்பது நல்லது. பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேவை என்றால், அவர் கை எவ்வளவு அழுத்தினாலும் இரண்டிலும் ஒரே அளவு அழுத்தும், பிழை கழிபட்டுவிடும்.

என்ர வேணியர் சரியா எண்டு பார்க்க ஆரிட்டக் குடுக்கிறது?

முதலில் புதுப் பெயாரிங் ஒன்றிடம் கொடுங்கள். பெயாரிங்கின் அகலத்தைப் பற்றி மேலே குறை சொன்னேன், ஆனால் விட்டத்தை மிக நெருக்கமாகக் கடைவார்கள். சாதாரண 6204இன் வெளிவிட்டம் 47.000க்கும் 46.989க்கும் இடையில், உள்விட்டம் 20.000க்கும் 19.990க்கும் இடையில். உங்கள் வேணியரால் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது, ஆகவே 47.00, 20.00 வர வேண்டும். வெளித்தாடைக்கும் உள்தாடைக்கும் சேர்த்து ஒரே பெயாரிங்கில் பரீட்சை முடிந்தது. தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்து நடுவில் ஒளிக்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். நுனியில் மட்டும் ஒளி வந்தால் தாடை தேய்ந்திருக்கிறது.

சரிவான ஷாஃப்டில ப்ரொப்பெலர் எவ்வளவு ஏறணும்? முனையில இருந்து அளந்தால் ஒவ்வொரு போட்டிலயும் வேற.

பிளக் கேள்வியின் அதே பாடம்தான், கொஞ்சம் கடினமான உருவில். ஷாஃப்டின் முனை எதிலும் உட்காருவதில்லை; ப்ரொப்பெலர் உட்காருவது சரிவில். சரிவு 1க்கு 10 என்றால் விட்டத்தில் 0.1 மி.மீ வித்தியாசம் ப்ரொப்பெலரை 1 மி.மீ முன்னே பின்னே நகர்த்தும். 1க்கு 16 என்றால் 1.6 மி.மீ. கிரைண்டிங் பேஸ்ட் போட்டு இரண்டு தரம் தேய்த்த ப்ரொப்பெலர் முன்னை விட ஆழமாக ஏறுவது அதனால்தான். வெளிநாட்டில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர் தங்கள் ரவையின் முழு நீளத்தை நம்புவதில்லை. கூர்நுனி ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால், வளைவில் குறிப்பிட்ட விட்டம் வரும் இடத்தில் வளையமொன்றை மாட்டி அங்கிருந்து அடிவரை அளக்கிறார்கள். சரிவான எதற்கும் வழி அதுதான். தெரிந்த துளையுள்ள வளையத்தைச் சரிவில் மாட்டி, வளையத்தின் முகத்திலிருந்து அளங்கள்.

ப்ரொப்பெலரில் அதைவிட முக்கியமான பரீட்சை ஒன்று உண்டு. கீயை (ப்ரொப்பெலரையும் ஷாஃப்டையும் சேர்த்துப் பூட்டும் உலோகக் கட்டை) போடாமல் ப்ரொப்பெலரைக் கையால் இறுக ஏற்றி, ஹப் முகம் நிற்கும் இடத்தை ஷாஃப்டில் கீறிக் குறியுங்கள். பிறகு கழற்றி, கீயோடு அதே மாதிரி ஏற்றுங்கள். அதே கீறலுக்கு வர வேண்டும். 1 மி.மீ முன்னாலேயே நின்றுவிட்டால் ப்ரொப்பெலர் சரிவில் உட்காராமல் கீயின் முதுகில் ஏறி நிற்கிறது; நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கடலில் தளரும். கீயின் மேல்முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கீறலுக்கு வரும்வரை பாருங்கள். கீயின் பக்கங்களைத் தொடக் கூடாது, சுழற்சியைத் தாங்குவது அவைதான்.

கிராங்க் ஜேர்னலையும் வேணியராலேயே பார்க்கலாமா?

கூடாது. ஜேர்னல் என்பது கிராங்க் ஷாஃப்ட் பெயாரிங்கில் சுழலும் பகுதி; அங்கே தேடுகிற தேய்மானம் 0.05 மி.மீ அளவில். டிஜிட்டல் கேள்வியில் சொன்ன வழுவைக் கழித்தால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. மைக்ரோமீட்டர் எடுங்கள்.

உப்புக் காத்தில வேணியர் கறல் பிடிக்குது. என்ன பூசிறது?

வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய மெஷின் ஒயில் ஒரு துளியைத் துணியில் விட்டுச் சட்டத்தில் தடவினால் போதும். டிஜிட்டலென்றால் அளவிடை ஒட்டியிருக்கும் பட்டியில் ஒயிலைத் தேக்காதீர்கள். தாடைகளை இறுக மூடி வைக்க வேண்டாம், ஒரு மி.மீ திறந்து வைத்தால் நடுவில் ஈரம் தங்காது. கடல் தண்ணீர் பட்டுவிட்டால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி, பிறகு ஒயில். உப்பின் மேல் ஒயில் பூசினால் கறல் உள்ளே இருந்து வளரும்.

சீல் போட்டாச்சு. ஒரு பக்கம் 3.2, மறு பக்கம் 3.6. கழட்டவா, விடவா?

கழற்ற முன் இன்னொரு தரம் அளங்கள், ஆழக்கோல் கேள்வியில் சொன்ன மாதிரி. ஹவுசிங்கின் முகத்தில் பழைய பெயின்ற் ஒரு பக்கம் தடித்திருந்தாலும் இந்த வித்தியாசம் வரும். உண்மையிலேயே சரிந்திருந்தால், 3.2 காட்டும் பக்கம் வெளியே நிற்கிறது. சீலின் வெளி விளிம்பில் மட்டும் படுகிற குழாய்த் துண்டொன்றை வைத்து, குழாயின் மேல் மரத்துண்டு வைத்து, அந்தப் பக்கத்தை மெல்லத் தட்டுங்கள். 3.6க்கு வந்ததும் நாலு இடத்திலும் திரும்ப எடுங்கள்.

சுத்தியலால் நேரே அடித்து விளிம்பு நெளிந்திருந்தாலோ, உதட்டுக்குப் பின்னால் உள்ள சுருள் கம்பி இடம் விட்டு விலகியிருந்தாலோ, அந்தச் சீலை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். சீலின் விலை, இஞ்சினைத் திரும்ப இறக்குகிற கூலியோடு பார்த்தால் ஒன்றுமில்லை.